‘எக்ஸீட்’ என்னும் ஆங்கில வினைச்சொல், பொருளும் பிறப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில், நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கித் தரும் சிறிய அறை ஒன்றை நடத்தி வருகிறேன். கடன் பத்திரம், வங்கிக் கடிதம், மாசுக் கட்டுப்பாட்டு அறிவிப்பு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் என எதைப் பிரித்தாலும் ‘எக்ஸீட்’ என்னும் சொல் எங்காவது ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கும். வேலை கொண்டு வருகிறவர்களும், மாலையில் போட்டித் தேர்வுக்காகப் படிக்க வரும் பிள்ளைகளும் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டவற்றையும், அவர்களுக்கு நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். சொன்ன விடை தவறிப்போன ஓரிடமும் இதில் உண்டு.

‘எக்ஸீட்’ என்பதன் பொருள் என்ன?

ஓர் அளவையோ எல்லையையோ கடந்து அதற்கு அப்பால் போவது என்பதே அதன் பொருள். செலவு வரவைவிடக் கூடுவதும், வண்டி அனுமதித்த வேகத்தைத் தாண்டுவதும், ஒருவருடைய உழைப்பு மேலாளர் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக அமைவதும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். மூன்றுக்கும் பொதுவானது, கடக்கப்படுவதற்கு என்று ஒரு கோடு முன்கூட்டியே இருக்கிறது என்பது. ‘வெங்காயம் விலை அதிகம்’ என்று சொல்ல இந்த வினை உதவாது. ‘வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது’ என்று சொல்லும்போதுதான் இதற்கு வேலை வருகிறது. எனவே இந்தச் சொல் உள்ள வாக்கியத்தைத் தமிழாக்குவதற்கு முன்பு அந்தக் கோடு எது என்று தேடிப் பிடிப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். அது எண்ணா, சட்டமா, ஆளா என்பது தெரிந்துவிட்டால் தமிழ்ச்சொல் பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும்.

இச்சொல் எங்கிருந்து வந்தது?

வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. ‘எக்ஸ்’ என்னும் முன்னொட்டுக்கு ‘வெளியே’ என்று பொருள். ‘கேடரே’ என்னும் வினைக்குப் போதல், விலகிப் போதல், விட்டுக்கொடுத்தல் என்று பொருள். இரண்டும் சேர்ந்த ‘எக்ஸ்கேடரே’ முதலில் வெளியேறுவதையும், பின்னர் எல்லை கடந்து போவதையும் குறித்தது. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக, 14-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அது ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்பு நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியதால், சட்டத்தோடும் கணக்கோடும் தொடர்புடைய ஆங்கிலச் சொற்களில் பெரும்பங்கு இந்த வழியில் வந்தவைதாம். வக்கீல் அறைகளில் இந்தச் சொல் இத்தனை செழிப்பாக இருப்பதற்கும் அந்தப் பிறப்பே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘வெளியே போதல்’ எப்படி ‘மிகுதல்’ ஆயிற்று? இரண்டுக்கும் தொடர்பே இல்லையே?

இக்கேள்வியைக் கேட்ட மாணவி வாலாஜாபேட்டைக்காரர். அவருக்கு ஏரியைக் காட்டியே விடை சொன்னேன். நல்ல மழை பெய்து பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்து, காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பியதும், நம் பக்கத்தில் ‘ஏரி கோடி போகிறது’ என்கிறோம். தென்மாவட்டத்தார் ‘மறுகால் பாய்கிறது’ என்பார்கள். இரண்டு தொடரிலும் ‘அதிகம்’ என்றோ ‘கூடுதல்’ என்றோ ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர் வெளியே போகிறது என்று மட்டுமே சொல்கிறோம். ஆனால் கேட்பவர் ஏரி கொள்ளளவுக்கு மேல் நிரம்பிவிட்டது என்று உடனே அறிந்துகொள்கிறார். உள்ளே இருக்க வேண்டியது வெளியே போகிறது என்றால் உள்ளே இடம் போதவில்லை என்றுதானே பொருள்! இலத்தீனில் நிகழ்ந்ததும் இதுவே. வெளியேறுதல் கரையைக் கடத்தலாகி, கரையைக் கடத்தல் அளவு மிகுதலாயிற்று. (இடையில் ஒரு சிறு செய்தி. உபரிநீர் வழியும் அந்தக் கற்கட்டுக்கு நாம் சொல்லும் ‘கலிங்கல்’ என்ற பெயர் ஆங்கிலேயப் பொறியாளர்களின் எழுத்தில் ‘கலிங்குலா’ என்று ஏறி, ஆங்கில அகராதியிலும் இடம் பிடித்தது. கொடுத்தவர்கள் அவர்கள் மட்டுமல்லர்.)

இதைவிட வியப்பானது நம் மொழிக்குள்ளேயே கிடக்கிறது. ‘இற’ என்னும் வினையை இன்று சாவுக்கு மட்டுமே பயன்படுத்துகிறோம். அதன் பழைய பொருள் கடத்தல், எல்லை தாண்டுதல் என்பது. ‘எண்ணிறந்த மக்கள்’ என்று எழுதும்போது எண்ணிக்கையைக் கடந்த மக்கள் என்றும், ‘அளவிறந்த அன்பு’ என்னும்போது அளவைத் தாண்டிய அன்பு என்றும் பொருள்கொள்கிறோம். அங்கே யாரும் சாகவில்லை. ‘இறந்தகாலம்’ என்பது கடந்துபோன காலம். ‘பொறுத்தல் இறப்பினை என்றும்’ என்று பொறையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும்போது, ‘இறப்பு’ என்பது பிறர் அளவு கடந்து நமக்குச் செய்த தீங்கைக் குறிக்கிறது. மரணம் என்று படித்தால் குறள் பொருளற்றுப் போகும்.

இலத்தீனிலும் ‘வாழ்வினின்று எக்ஸ்கேடரே’ என்றால் உயிர் துறத்தல் என்று பொருள். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இரு மொழிகளிலும், வெளியே அடியெடுத்து வைப்பதைக் குறித்த வினையே மிகுதிக்கும் சாவுக்கும் பொதுவான சொல்லாகி இருக்கிறது. ‘எக்ஸீட்’ என்பதற்கு மிக நெருக்கமான தமிழ்ச்சொல் எது என்று என்னைக் கேட்டால், ‘இற’ என்றே சொல்வேன். ஆனால் இன்றைய ஆவணத்தில் அதை எழுத முடியாது. ‘வாகனம் 40 கிலோமீட்டர் வேகத்தை இறந்தது’ என்று எழுதிக் கொடுத்தால் கட்சிக்காரர் மறுபடி இந்தப் பக்கம் வரமாட்டார்.

இதே வேரில் பிறந்த வேறு சொற்கள் எவை?

பெரிய குடும்பம் அது. அதை விளக்க நம் வட்டாரத்துச் சரித்திரமே போதும்.

1749-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் யார் என்ற கேள்வியில் அவர் மகன் முகம்மதலிக்கு ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றார்கள். 1751-இல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கியதும் அந்தச் சண்டையின் ஒரு பகுதி. ஒருவர் பின் ஒருவர் பதவிக்கு வருவதைக் குறிக்கும் ‘சக்ஸீட்’ என்ற வினையும், வாரிசுரிமையைக் குறிக்கும் ‘சக்ஸெஷன்’ என்ற பெயரும் இதே ‘கேடரே’ வேரிலிருந்து வந்தவை. பின்னால் வருதல் என்பதே அவற்றின் மூலப்பொருள். ‘வெற்றி பெறுதல்’ என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

முன்னொட்டே இல்லாமல் வேர் மட்டும் நிற்கும் சொல் ‘ஸீட்’ (cede). நிலத்தையோ உரிமையையோ விட்டுக்கொடுத்தல் என்று அதற்குப் பொருள். 1800-இல் ஐதராபாத் நிஜாம் பெல்லாரி, கடப்பைப் பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதனால் அந்த நிலப்பரப்பு ‘ஸீடட் டிஸ்டிரிக்ட்ஸ்’ என்று பெயர் பெற்றது. இன்று இராயலசீமை என்று வழங்குவது பெரும்பாலும் அதையே. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகராக இருந்த சித்தூருக்கு அது அண்டை நாடு. அடுத்த ஆண்டே, 1801-இல், கர்நாடக நவாப் எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் ஆட்சியுரிமையும் உடன்படிக்கை வழியாகக் கம்பெனியின் கைக்குப் போனது. உடன்படிக்கையில் சேர்ந்துகொள்வதற்கு ‘அக்ஸீட்’ என்றும், எதிர்த்தரப்பு கேட்டதை ஒப்புக்கொள்வதற்கு ‘கன்ஸீட்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். இந்த இரண்டு சொற்களும் அதே வீட்டுப் பிள்ளைகள்தாம்.

முன்னேறுவதற்கு ‘ப்ரொஸீட்’, முன்னால் வருவதற்கு ‘ப்ரிஸீட்’, பின்வாங்குவதற்கு ‘ரிஸீட்’, பிரிந்து போவதற்கு ‘ஸெஸீட்’, இடையில் புகுந்து பரிந்து பேசுவதற்கு ‘இண்டர்ஸீட்’ என்று எல்லாத் திசையிலும் நடக்கும் சொற்கள் உண்டு. முன்னோரைக் குறிக்கும் ‘ஆன்ஸெஸ்டர்’ என்பது முன்னால் போனவர். மறைவைக் குறிக்கும் ‘டிஸீஸ்’ என்பது விலகிப் போதல். மருத்துவமனைகளுக்குப் பெயர்போன இந்த ஊரில் அடிக்கடி காதில் விழும் ‘ஆப்ஸெஸ்’ என்ற சீழ்க்கட்டியும் ‘விலகிப் போதல்’ என்ற அதே வேரிலிருந்து வந்ததுதான்.

எழுத்துக்கூட்டலில் ஏன் இத்தனை குழப்பம்?

ஒலி ஒன்றாக இருக்க, முடிவு மூன்று விதமாக எழுதப்படுவதே காரணம். ‘சி’ என்னும் எழுத்துக்குப் பின் இரண்டு ‘ஈ’ சேர்ந்து வருபவை எக்ஸீட், ப்ரொஸீட், சக்ஸீட் ஆகிய மூன்று மட்டுமே. ‘எஸ்’ எழுத்தோடு வருவது ‘சூப்பர்ஸீட்’ ஒன்றுதான். அது ‘கேடரே’ வேரைச் சேர்ந்ததே அன்று, உட்காருதல் என்னும் பொருளுடைய வேறொரு இலத்தீன் வினையிலிருந்து வந்தது. எஞ்சியவை எல்லாம் ‘ஈ’ எழுத்து பிரிந்து, நடுவில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக வரும். ‘ப்ரொஸீட்’ என்பதில் இரண்டு ‘ஈ’ இருந்தும் ‘ப்ரொஸீஜர்’ என்பதில் ஒன்றுதான் வரும் என்பதைத் தேர்வெழுதுகிறவர்கள் தனியே நினைவில் வைக்க வேண்டும்.

‘எக்ஸெல்’ என்பதும் இதே வேர்தானா?

இல்லை. சிறந்து விளங்குதல் என்னும் பொருளுடைய அந்தச் சொல், உயர்ந்து எழுதல் என்னும் வேறு இலத்தீன் வினையிலிருந்து வந்தது. முன்னொட்டு மட்டுமே பொது. கணினியில் கணக்குப் போடும் மென்பொருளின் பெயரும் அதுதான்.

‘எக்ஸஸ்’, ‘ஆக்ஸஸ்’, ‘அக்ஸீட்’ ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

‘எக்ஸஸ்’ என்பது ‘எக்ஸீட்’ வினைக்குப் பொருந்தும் பெயர்ச்சொல். மிகுதி என்று பொருள்படும். காட்பாடியில் ஏறி, பயணச்சீட்டு வாங்கிய இடத்தைத் தாண்டிப் போனால் பரிசோதகர் எழுதிக் கொடுக்கும் ‘எக்ஸஸ் ஃபேர்’ சீட்டு, இந்தச் சொல்லின் பொருளை மறக்கவே முடியாதபடி கற்றுக்கொடுத்துவிடும். ‘ஆக்ஸஸ்’ என்பது உட்செல்லும் வழி அல்லது உரிமை. ‘அக்ஸீட்’ என்பது மேலே சொன்னபடி இணங்குதல். ஆவணத்தில் இவற்றுள் ஒன்று மற்றொன்றாகிவிட்டால் பொருள் நேரெதிராகிவிடும். ‘கோரிக்கைக்கு இணங்கினார்’ என்பது ‘கோரிக்கையை மிஞ்சினார்’ என்றாகிப்போன ஒரு வரைவை நானே பார்த்திருக்கிறேன்.

தமிழில் எந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும்: மீறுதலா, மிஞ்சுதலா, விஞ்சுதலா, தாண்டுதலா?

முதலில் சொன்ன கோட்டை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும்.

கோடு ஒரு விதியாகவோ கட்டளையாகவோ இருந்தால் ‘மீறு’ பொருந்தும். அப்பா பேச்சை மீறுவது, சாலை விதியை மீறுவது என்று நாம் பேசுவதும் அப்படித்தான். இந்தச் சொல்லுக்குள் குற்றச்சாட்டு ஒன்று ஒளிந்திருக்கிறது. 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், கொலை பற்றிய 300-ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு, தற்காப்புரிமையை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தும்போது சட்டம் தந்த அதிகாரத்தை ‘எக்ஸீட்’ செய்தவரைப் பற்றிப் பேசியது. அங்கே ‘அதிகாரத்தை மீறினால்’ என்பது மிகச் சரியான தமிழ். ஏனெனில் கடக்கப்பட்டது சட்டம் இட்ட வரம்பு.

கோடு வெறும் எண்ணாக இருந்தால் ‘மிகு’, ‘மேற்படு’, ‘தாண்டு’ ஆகியவை போதும். ஏற்றும் பண்டம் அளவுக்கு மிஞ்சினால் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்று சொல்ல வந்த வள்ளுவர், ‘சால மிகுத்துப் பெயின்’ என்றே எழுதினார். இறகை ஏற்றியவனைக் குற்றவாளியாக்கவில்லை, எடையை மட்டும் சொன்னார். இராணிப்பேட்டைச் சுமையுந்துகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குறள் எனக்கு நினைவுக்கு வரும்.

கோடு ஓர் ஆளாகவோ ஆளின் திறமையாகவோ இருந்தால் ‘விஞ்சு’ வரும். குருவை விஞ்சிய சீடன் என்போம். குருவை மீறிய சீடன் என்றால் கதையே வேறு. ‘மிஞ்சு’ என்பது இரண்டுக்கும் நடுவில் நின்று, ‘கெஞ்சினால் மிஞ்சுவான்’ என்பதில் அடங்காமையையும், ‘மிஞ்சிய சோறு’ என்பதில் எச்சத்தையும் காட்டும். ஆகவே அலுவல் எழுத்தில் இதைக் கவனமாகக் கையாள வேண்டும். கடைத்தெருவில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ஜாஸ்தி’ என்ற ஒரே சொல் போதுமாக இருக்கிறது. உருது வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு வேலூரில் வேர் விட்டு வெகுகாலம் ஆகிறது.

ஆங்கிலச் சொல்லில் பழிச்சொல் ஏதும் கிடையாது. அது நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. நாம்தான் தமிழாக்கும்போது, பெரும்பாலும் அறியாமலேயே, பழியைச் சேர்த்துவிடுகிறோம். அப்படிச் சேர்த்ததால் வந்த வினை அடுத்த கேள்வியில் இருக்கிறது.

காசோலை ‘எக்ஸீட்ஸ் அரேஞ்ஜ்மென்ட்’ என்று திரும்பி வந்தால் என்ன பொருள்?

குடியாத்தத்திலிருந்து கைலி வியாபாரி ஒருவர், திரும்பி வந்த காசோலையோடு இணைத்திருந்த வங்கித் துண்டுச்சீட்டை மொழிபெயர்க்கக் கொண்டு வந்தார். அப்போது நான் இந்தத் தொழிலுக்குப் புதியவன். ‘ஏற்பாட்டை மீறியுள்ளது’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். “சரக்கைச் சொன்ன தேதியில் அனுப்பிவிட்டேன் ஐயா, நான் எந்த ஏற்பாட்டையும் மீறவில்லையே” என்றார். தன் பக்கம் தவறு இருப்பதாக வங்கி எழுதியிருக்கிறது என்று எண்ணி இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார். ‘மீறு’ என்ற ஒரு சொல் செய்த வேலை அது.

உண்மையில் அந்தத் தொடர் சொல்வது எளிய கணக்கு. காசோலை கொடுத்தவருக்கு வங்கியில் மிகைப்பற்று வசதியோ ரொக்கக் கடன் வசதியோ இருக்கும். இவ்வளவு தொகை வரை எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கியோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தமே இங்கே ‘ஏற்பாடு’ எனப்படுவது. அவர் எழுதிய காசோலை அந்த உச்சவரம்பைத் தாண்டிவிட்டதால் பணம் தரப்படவில்லை. ‘ஏற்பாடு செய்யப்பட்ட தொகைக்கு மேற்பட்டது’ என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, கணக்கில் பணம் போதாமையால் திரும்பும் காசோலையையும், இவ்வாறு ஏற்பாட்டுத் தொகையை ‘எக்ஸீட்’ செய்து திரும்பும் காசோலையையும் ஒரே தட்டில் வைக்கிறது. திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து வழியில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாள் உண்டு. அதன் பின்னும் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் முறையீடு செய்யலாம். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ ஆகலாம். குடியாத்தத்துக்காரருக்குத் திருத்திய தாளைக் காசு வாங்காமல் கொடுத்தேன். அவர் இன்றும் வருகிறார்.

‘நாட் எக்ஸீடிங் ஒன் இயர்’ என்றால் சரியாக ஓராண்டும் அதில் சேருமா?

சேரும். கோட்டைக் கடக்கக் கூடாது என்றுதான் இத்தொடர் சொல்கிறது, கோட்டைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. ‘50,000 ரூபாய்க்கு மிகாமல்’ என்றால் 50,000 ரூபாயும் அனுமதிக்கப்பட்டதே. 50,000 ரூபாயும் ஒரு பைசாவும்தான் தடுக்கப்படும். அந்த எண்ணையே விலக்க வேண்டுமானால் ‘குறைவாக’ என்று எழுத வேண்டும். அலுவல் தமிழில் ‘மிகாமல்’, ‘மேற்படாத’ ஆகிய இரண்டும் இதற்கென்றே நிலைபெற்றுவிட்டன. பேச்சில் இதே கருத்துக்கு ‘மிஞ்சிப்போனால்’ என்கிறோம். “மிஞ்சிப்போனால் ஆயிரம் ரூபாய் ஆகும்” என்று கொத்தனார் சொன்னால் ஆயிரமும் ஆகலாம், ஆயிரத்துக்கு மேல் ஆகாது என்று பொருள். ஆனாலும் ஆகும் என்பது அனுபவம்.

வாடகை ஒப்பந்தம் ஏன் எப்போதும் 11 மாதத்துக்கே எழுதப்படுகிறது என்று கேட்கிறவர்களுக்கும் விடை இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஆண்டுக்காண்டு தொடரும் குத்தகையையும், ஓராண்டை ‘எக்ஸீட்’ செய்யும் குத்தகையையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். சொல்லை மட்டும் நிறுத்துப் பார்த்தால் சரியாக 12 மாதம் என்பது ஓராண்டைக் கடந்ததாகாது. ஆனால் எல்லையின் விளிம்பில் நின்று வாதாட யாருக்கும் விருப்பமில்லை. அதனால் ஒரு மாதம் உள்ளே தள்ளி நின்றுகொண்டார்கள், அதுவே வழக்கமாயிற்று. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தங்களைத் தனியே வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யச் சொல்கிறது. ஆகையால், நான் இங்கே சொன்னது சொல்லைப் பற்றிய விளக்கமே அன்றி, பதிவு வேண்டாம் என்ற அறிவுரை அன்று.

‘எக்ஸீட்’ என்பதோடு ‘தன்’, ‘அபவ்’, ‘ஓவர்’ போன்ற சொற்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாகாது. ‘விட’, ‘மேல்’ என்ற பொருள் வினைக்குள்ளேயே இருக்கிறது. எதைக் கடந்ததோ அதை நேரடியாகச் செயப்படுபொருளாக வைத்தால் போதும். ‘100-ஐவிட அதிகமாகத் தாண்டியது’ என்று தமிழில் எழுதுவது எப்படிக் கூறியது கூறலோ, அப்படியே அதுவும்.

‘சர்பாஸ்’, ‘டிரான்ஸெண்ட்’ ஆகியவற்றுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டா?

உண்டு, மெல்லியது. ‘சர்பாஸ்’ பிரெஞ்சு வழிச் சொல். மேலே கடந்து போதல் என்பது அதன் சொற்பொருள். தரத்திலும் திறத்திலும் ஒருவர் மற்றொருவரை முந்துவதற்கு அது வரும். ஆகவே ‘விஞ்சு’ என்பதற்கு அதுவே நெருக்கம். ‘டிரான்ஸெண்ட்’ என்பது ஏறிக் கடத்தல் என்னும் இலத்தீன் மூலத்தை உடையது. சாதியைக் கடந்த நட்பு, காலத்தைக் கடந்த கலை என்று எண்ணால் அளக்க முடியாதவற்றுக்கு அது பொருந்தும். அளவுகோல் கையில் இருந்தால் ‘எக்ஸீட்’. அளவுகோலே பயன்படாத இடத்தில் ‘டிரான்ஸெண்ட்’.

பழைய ஆங்கில வேதாகமத்தில் ‘எக்ஸீடிங் கிரேட் ஜாய்’ என்று வருகிறதே, அங்கே எல்லை எது?

நல்ல கேள்வி. 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், நட்சத்திரத்தைக் கண்ட சாஸ்திரிகளின் மகிழ்ச்சியைச் சொல்லும் மத்தேயு 2:10-இல் அந்தத் தொடர் வருகிறது. அக்காலத்தில் ‘எக்ஸீடிங்’ என்பது ‘மிக’ என்னும் அடைமொழியாக நின்றது. இன்று அந்த இடத்தில் ‘எக்ஸீடிங்லி’ என்று எழுதுவார்கள். எல்லை இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை என்று முதல் விடையில் சொன்னேன். இது அதற்கு விலக்கு. வினை என்ற நிலையை விட்டு அடைமொழியானவுடன் சொல் தன் கோட்டையும் தொலைத்துவிட்டது. பழைய தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் ‘மிகுந்த ஆனந்த சந்தோஷம்’ என்கிறது. ஆனந்தம், சந்தோஷம் என்று ஒரே பொருளை இரட்டித்து, அதற்கும் மேல் ‘மிகுந்த’ என்று வைத்தது அழகான தீர்வு. 1853-இல் ஆற்காடு மிஷன் தொடங்கியது முதல் இப்பகுதித் தேவாலயங்களில் அவ்வகைத் தமிழ் ஒலித்து, ஊர்ப் பேச்சிலும் கொஞ்சம் தங்கியிருக்கிறது.

எல்லையைக் கடப்பது எப்போதும் கெட்டதைத்தான் குறிக்குமா?

குறிக்காது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஆண்டு மதிப்பீட்டில் ‘எக்ஸீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்று வந்தால் வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். அதே வினை தோல் தொழிற்சாலைக்கு வரும் கடிதத்தில் இருந்தால் நிலைமை வேறு. கழிவுநீரில் கரைந்துள்ள உப்பு முதலிய திடப்பொருள்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. பாலாற்றங்கரையில் அந்தக் கோடு எத்தனையோ ஆண்டுகள் காற்றில் பறந்தது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துகிறவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கும் மாணவர்கள் நம் ஊர்ப் பெயரை இன்றும் அந்த வழக்கின் வழியாகவே அறிகிறார்கள். ஆய்வக அறிக்கையில் ‘எக்ஸீட்’ என்று இருந்தால் ‘மிகுந்துள்ளது’ என்று எழுதுவேன். அதன் பேரில் வரும் ஆணையில் இருந்தால் ‘மீறப்பட்டுள்ளது’ என்று எழுதுவேன். ஆய்வகம் எண்ணைச் சொல்கிறது, ஆணை பொறுப்பைச் சொல்கிறது.

‘வெயில் சதமடித்தது’ என்று செய்தித்தாளில் எழுதுவதும் இந்தப் பொருள்தானா?

பொருள் அதுவே, கற்பனை கிரிக்கெட்டிலிருந்து வந்தது. வேலூரில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ அப்படி எழுதுகிறார்கள். செல்சியஸில் அது 37.8. வானிலைத் துறை செல்சியஸில் சொல்லும் வெயிலுக்குச் செய்தித்தாள்கள் ஃபாரன்ஹீட்டை விடாமல் வைத்திருப்பது, கடப்பதற்கு ஓர் உருண்டையான எண் வேண்டும் என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

மருந்துப் பெட்டியில் ‘டு நாட் எக்ஸீட்’ என்று இருப்பதை எப்படி எழுதுவது?

‘குறிப்பிட்ட அளவை மீறாதீர்கள்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. மிரட்டுவது போலத் தொனித்தாலும், நோயாளிக்கு எவ்வளவு என்பது தெரியாமலே போகிறது. பாராசிட்டமால் போன்ற மருந்தில் பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 4 கிராம் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் கல்லீரலுக்குக் கேடு. இப்படிப்பட்ட இடத்தில் எல்லையைச் சொல்லாமல் வினையை மட்டும் சொல்வதில் பயனில்லை. ‘ஒரு நாளில் இத்தனை மாத்திரைக்கு மேல் சாப்பிடக் கூடாது’ என்று எண்ணோடு எழுதிவிடுவேன்.

எங்கள் அடுக்ககத்து மின்தூக்கியில் ஒட்டத் தமிழ்ப் பலகை ஒன்று வேண்டும். ‘எட்டுப் பேருக்கு மேல், 544 கிலோவை எக்ஸீட் செய்யக் கூடாது’ என்பதற்கு என்ன எழுதலாம்?

ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கிட்டே அந்த 544 வந்திருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்த நாளில் அந்தக் கணக்கு செல்லாது என்பதால், தலைகளைவிட எடையை முன்னால் வைப்பது நல்லது. ‘எடை 544 கிலோவுக்கு மிகாமல், எட்டுப் பேர் வரை ஏறலாம்’ என்று எழுதுங்கள்.